இருபத்திரண்டு மெத்தையும் ஒரு ரெக்கார்டு தயாரிப்பாளரும்

அந்த இருபத்திரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளையும் சுவரோடு சுவராக நிறுத்திக் கட்டச் சொன்னவன் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். வாடகை, மெத்தை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு முப்பது ரூபாய். நாற்பது வருடம் ரெக்கார்டு தயாரித்த ஒரு வெள்ளைக்காரருக்குச் சத்தம் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொடுக்கப் பார்த்த கதை இது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "தர்மபுரி மாவட்டமா? எனக்கு அத்துப்படி" என்று அவருக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தேன். சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் பேருந்தில் அந்த மாவட்டத்தை ஆறு முறை கடந்திருக்கிறேன். ஆறு முறையும் தூங்கிக்கொண்டுதான் கடந்தேன்.

புதன், காலை 6.10. சென்னை சென்ட்ரல். என்னோடு வந்தவர் பெயர் டெரிக். வயது அறுபத்து மூன்று, ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. என் பிழைப்பு சென்னையில் விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு செய்வது. பற்பசை, சிமெண்ட், ஊறுகாய். இங்கே அவருக்கு ஓர் உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. இணையத்தில் தேடியபோது மலிவாகக் கிடைத்தவன் நான்.

அரக்கோணம் தாண்டியதும் அவருடைய தொழில் வரலாற்றைக் கேட்டேன். ஜோலார்பேட்டை வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். பதினேழு வயதில் ஒரு ஸ்டூடியோவில் தேநீர் போடும் வேலை. இருபத்தொரு வயதில் கம்பளக் கடை ஒன்றின் மாடியில் சொந்தமாக ஒரு வாடகை அறை. பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத கிடார் குழுக்களெல்லாம் அந்த மாடிக்குத்தான் வந்தன. அவருடைய வழக்கம் ஒன்றே ஒன்று: தனித்தனியாகப் பதிந்து ஒட்ட மாட்டார். எல்லோரையும் ஒரே அறையில் நிற்கவைத்து, ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தாமல் வாசிக்கச் சொல்வார். அப்படி நாற்பது ரெக்கார்டு.

"முதல் ரெக்கார்டு வெளிவருவதற்கும் அந்தக் குழு சண்டை போட்டுப் பிரிவதற்கும் நடுவில் பதினொரு மாதம் கிடைக்கும். என் தொழில் முழுக்க அந்தப் பதினொரு மாதத்துக்குள்தான் நடந்தது" என்றார்.

பிறகு எல்லோர் வீட்டுக்கும் மடிக்கணினி வந்தது. கம்பளக் கடை மாடியில் இப்போது ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். டெரிக் வாரத்துக்கு மூன்று நாள் வேன் ஓட்டி வீடு வீடாக நாய்த் தீனி கொடுக்கிறார்.

அப்படிக் கொடுக்கப் போன ஒரு வீட்டு வாசலில்தான் விஷயம் ஆரம்பித்திருக்கிறது. அந்த வீட்டிலிருந்தவர் ஒரு தமிழ் நர்ஸ். கையெழுத்துப் போட வந்தவரின் கைபேசியில் அவருடைய ஊர்த் திருவிழாக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. தேருக்கு முன்னால் ஒரு பேண்டு செட். டெரிக் வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டார். அவரிடம் முன்பு கிடார் வாசித்துப் பதிந்த ஒருவர் இப்போது சிறிய ரெக்கார்டு கம்பெனி ஒன்று நடத்துகிறார். அவரிடம் போய் மன்றாடியதில் பயணச் செலவும் ஒரு நிபந்தனையும் கிடைத்தன. இந்த ரெக்கார்டு தேறினால் இன்னும் மூன்று ரெக்கார்டு. தேறாவிட்டால் இதுவே கடைசி.

"கடைசி என்றால்?"

"வேன். வாரத்துக்கு ஐந்து நாள்" என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

காலை 10.40. மொரப்பூர் ரயில் நிலையம். வெளியே முருகேசன் என்பவரின் ஆட்டோ. கடத்தூர் வழியாகச் சூசை கொட்டாய் வரைக்கும் ஐந்நூறு ரூபாய். இந்தப் பக்கம் தோட்டத்துக்குள் நாலு வீடு சேர்ந்தால் அதற்குப் பெயர் கொட்டாய். சூசை கொட்டாயில் எழுபது வீடு, ஆனாலும் கொட்டாய்தான்.

"சாரு யாருங்க?" என்றார் முருகேசன், கண்ணாடியில் டெரிக்கைப் பார்த்து.

"ரெக்கார்டு தயாரிப்பாளர்."

"அப்டீங்களா! பணம் போடறவரா?"

"இல்லீங்க. இவர்கிட்ட பணமே இல்லை."

"பாடுவாருங்களா?"

"இல்லை."

"எதுனா வாசிப்பாருங்களா?"

"அதுவும் இல்லை. மத்தவங்க வாசிக்கும்போது இவர் கூட இருப்பார்."

முருகேசன் ஒரு கிலோமீட்டர் யோசித்தார். "கூட இருக்கறதுக்கு அம்மாந்தூரத்துல இருந்து ஆளு வரணுங்களா? எங்கூர்லயே நாலு பேரு சும்மாதாங்க இருக்கறாங்க."

இதை மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்திருக்க வேண்டாம். டெரிக் தலையாட்டி, "என் மனைவியும் இதைத்தான் கேட்டாள்" என்றார். கடத்தூரில் தேநீர் குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று கடைவீதி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்ததால் இரண்டாவது தேநீரும் குடித்தோம்.

நண்பகல் 12.15. சூசை கொட்டாய். ஒரே நீளத் தெரு. ஒரு முனையில் சூசையப்பர் கோயில், மறுமுனையில் குருசடி, அதாவது மேடை கட்டி நட்ட ஒரு சிலுவை. நடுவில் சிமெண்டுச் சாலை, இருபுறமும் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் மஞ்சளும் மரவள்ளியும். பேண்டு செட்டின் தலைவர் ஆரோக்கியம் கோயில் வாசலில் காத்திருந்தார். கிளாரினெட் வாசிப்பவர், ஊரே மாஸ்டர் என்று கூப்பிடுகிறது. வயது ஐம்பதுக்கு மேல், ஒன்றரை ஏக்கர் மஞ்சள். குழுவில் அவரோடு ஒன்பது பேர். டிரம்பெட்காரர் மினி பஸ் கண்டக்டர். பெரிய டிரம் அடிப்பவர் பெட்ரோல் பங்கில் வேலை. ஷெஃபீல்டு நர்ஸ், மாஸ்டரின் சித்தப்பா மகள்.

"வாங்க, வாங்க. பாப்பா போன்ல சொல்லுச்சு. வெள்ளைக்காரரு வராரு, நாய் சோறு குடுக்கறவருன்னு" என்றார் மாஸ்டர்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கோயிலை ஒட்டி, பிள்ளைகளுக்கு வேத வகுப்பு நடக்கும் மறைக்கல்விக் கூடத்துக்கு டெரிக்கைப் பெருமையோடு அழைத்துப் போனேன். கம்பளக் கடை மாடியின் சுவரெல்லாம் கம்பளம் ஆணியடித்திருந்ததாக அவர் முன்பே எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு, கடத்தூர்ப் பந்தல் கடைக்குப் போன் போட்டு மெத்தைகளை இறக்கச் சொல்லியிருந்தேன். நாலு சுவரிலும் கோடு போட்ட மெத்தைகள். நடுவில் ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். டெரிக் ஒரு மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பிற்பகல் 3.00. பதிவு. ஒன்பது பேரும் வெள்ளைச் சீருடையில் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார்கள். கைபேசியில் நாங்கள் கேட்ட குழு அது இல்லை. பெரிய டிரம் ஒரு பக்கம் போனது. டிரம்பெட் அதைத் தேடிக்கொண்டு இன்னொரு பக்கம் போனது. மெத்தைகள் மிச்சமிருந்த உயிரையும் குடித்துவிட்டன. ஏழு முறை முயன்றோம். ஆறாவது முறை கண்டக்டருக்குத் தும்மல் வந்தது. ஐந்தே முக்காலுக்கு டெரிக் இயந்திரத்தை அணைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"இவரு என்னதாங்க பண்றாரு? மத்தியானத்துலேர்ந்து பாக்கறேன், ஒண்ணுமே பண்ணலீங்களே?"

"கேட்கிறார்."

"கேக்கறதுக்கு சம்பளமுங்களா?" என்று சிரித்துவிட்டு, "நாளைக்கு நாலு மணிக்குத்தான் பசங்க வருவானுங்க. வெள்ளிக்கெழம காலையில காரிமங்கலத்துல கல்யாணம், ஒத்துக்கிட்டோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் எங்களுக்கும் டிக்கெட் இருந்தது. ஆக, மிச்சம் ஒரே ஒரு மாலை.

கோயில் ஃபாதர் கொடுத்த விருந்தினர் அறையில் டெரிக் கேட்டார்: "மெத்தை எதற்கு?"

"உங்கள் கம்பளங்களைப் போல. ஒலி சுத்தமாக இருக்கட்டும் என்று..."

"அந்தக் கம்பளங்கள் ஒலிக்காக இல்லை. கீழே கடைக்காரர் சத்தம் தாங்காமல் துடைப்பத்தால் கூரையை இடிப்பார். அதற்காக."

அத்தோடு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எனக்கு ஒரு மெத்தை கூடுதலாகக் கிடைத்தது. அதில் மூட்டைப்பூச்சி இருந்தது. நியாயம்தான்.

வியாழன், காலை 9.00. டெரிக் முந்தைய நாள் பதிவைக் கேட்கவில்லை. பதிவின்போது ஒரு மூலையிலிருந்து நான் விளையாட்டாகக் கைபேசியில் எடுத்திருந்த காணொளியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையை என்னிடம் நீட்டி, "கால்களைப் பார்" என்றார்.

பார்த்தேன். ஒன்பது பேரின் பதினெட்டுப் பாதங்களும் நாற்காலிக்கு அடியில் இடது வலது, இடது வலது என்று நடந்துகொண்டிருந்தன. தரையில் இடிபட்டு, ஒன்றோடொன்று பொருந்தாமல்.

மஞ்சள் காட்டில் நின்ற மாஸ்டரிடம் ஓடினேன். "மாஸ்டர், நீங்க உட்கார்ந்து வாசிப்பதுண்டா?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து உக்காந்து வாசிச்சதே இல்லீங்களே. கோயில்ல எடுத்தா குருசடியிலதான் வெப்போம். நடுவுல நிக்கவும் மாட்டோம், நிறுத்தவும் மாட்டோம்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"நல்லாருக்குதுங்க நீங்க சொல்றது! மெனக்கெட்டு சேர் போட்டு வெச்சிருக்கறீங்க. விருந்தாளியா வந்தவங்க உக்காருன்னு சொன்னா, மாட்டேன்னு சொல்றதுங்களா?"

டெரிக்கிடம் சொன்னேன். எல்லோரையும் ஒரே அறையில் நிற்கவைத்தே நாற்பது வருடம் ஓட்டியவர், ஒரு நிமிடம் தெருவின் நீளத்தைப் பார்த்தார். "அப்படியென்றால் அறை இதுதான்" என்றார்.

மாலை 4.30. கோயில் வாசல். டெரிக் பதிவுக் கருவியை மார்பில் கட்டிக்கொண்டார். ஃபாதரின் குடையை வாங்கி, அதன் காம்பில் இரண்டு மைக்குகளைக் கட்டினார். குழுவுக்கு முன்னால் அவர் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். அவர் விழாமல் சட்டையைப் பிடித்து இழுத்துப் போவதும், தெருவில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. ஒரே ஒரு தடவைதான் முடியும். குருசடியை அடைந்ததும் கண்டக்டருக்கு டியூட்டி.

மாஸ்டர் கிளாரினெட்டை எடுத்தார். முதல் அடி வைத்ததுமே தெரிந்துவிட்டது. பெரிய டிரம்மும் கால்களும் ஒன்றாக விழுந்தன. டிரம்பெட் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. டெரிக் கண்ணை மூடிக்கொண்டார். பின்பக்கமாக நடக்கிற மனிதர் கண்ணை மூடுவது, சட்டையைப் பிடித்திருப்பவனுக்கு நல்லதல்ல.

எனக்குத் தெரியாத ஒன்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திருவிழா இல்லாத நாளில், கல்யாணம் இல்லாத வீதியில், சாயங்காலம் பேண்டு புறப்பட்டால் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

முதல் வீட்டிலிருந்து ஓர் அக்கா ஓடி வந்தார். "யாருங்க போய்ட்டாங்க?"

பேசக் கூடாதே! முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உதட்டின் மேல் விரலை வைத்தேன். அவர் அப்படியே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தார். அடுத்த வீட்டில் இரண்டு பேர். அவர்களுக்கும் விரல். மூன்றாம் வீட்டில் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததுமே கண்ணீர் விட்டார். மாஸ்டரால் விளக்க முடியாது, வாயில் கிளாரினெட். நிறுத்தவும் மாட்டார்கள். பாதித் தெரு வந்தபோது பின்னால் அறுபது பேர். அப்போது கோயில் பக்கமிருந்து துக்க மணி ஒலிக்க ஆரம்பித்தது. மணியடிக்கும் கோயில்பிள்ளை கடமை தவறாதவர்.

நாற்பதாவது வீடோ என்னவோ, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வெளியே வந்தார். சின்னப்பன், மூன்று மாதமாகப் படுக்கையில் இருப்பவர் என்று பிறகு தெரிந்தது. கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறியது.

"யாருடா செத்தது?" என்றார் அவர், டிரம்மையும் மீறி.

முதல் வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நீங்கதான்னு நெனச்சோம், மாமா!"

"நானா? எனக்கு யாரும் சொல்லலியே!"

அறுபது பேரும் சிரித்தார்கள். கண்ணீர் விட்டவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். பேண்டு மட்டும் ஓர் அடி பிசகாமல் குருசடி வரை போய்த்தான் நின்றது. மொத்தம் பதினொரு நிமிடம்.

மாலை 4.45. டெரிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். மணி, கேள்வி, சிரிப்பு எல்லாம் பதிவில் விழுந்துவிட்டது; காரணம் என் விரல். கண்டக்டர் அதற்குள் சீருடைக்கு மேல் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இனி வாய்ப்பில்லை. டெரிக்கின் நாய்த் தீனி வேன் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

அவர் குருசடி மேடையில் உட்கார்ந்து பதினொரு நிமிடத்தையும் திரும்பக் கேட்டார். பெரியவர் சொன்னது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"மணி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. எதையும் வெட்டப் போவதில்லை" என்றார். அன்றே வெட்டாமல் கம்பெனிக்கு அனுப்பியும் வைத்தார்.

வெள்ளி, காலை 8.30. கடத்தூர் பேருந்து நிலையம். கம்பெனிக்காரரிடமிருந்து டெரிக்கின் கைபேசிக்குப் பதில் வந்திருந்தது: "அடுத்தது எப்போது?" அதை என்னிடம் காட்டிவிட்டு, தேநீரை ஊதிக் குடித்தார். நாற்பத்தோராவது ரெக்கார்டுக்கு அவர் செய்த கொண்டாட்டம் அவ்வளவுதான்.

சென்னையில் எனக்கு ஒரு ஸ்டூடியோ உண்டு. நாலு சுவரிலும் விலை உயர்ந்த பஞ்சு. அதற்குள் வெளியுலகத்தின் ஒரு சத்தமும் வராது என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். பதினைந்து வருடமாக அங்கே ஊறுகாய் விளம்பரம்தான் பதிவாகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்தப் பேருந்து நிலையத்தில்தான் முதல் முறையாகத் தோன்றியது.

காரிமங்கலம் கல்யாணத்துக்கான வேன் வந்தது. கிளாரினெட் பெட்டியோடு ஏறப் போன மாஸ்டர், டெரிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். விட மனமில்லாமல் நான் கேட்டேன்: "மாஸ்டர், முதல் நாள் இவர் என்னதான் வேலை பண்றார்னு கேட்டீங்களே, இப்போ தெரிஞ்சுதா?"

அவர் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"அவரு கூடவே நடந்தாருங்க, நீங்க எதுக்குங்க வந்தீங்க?"