டேங்கில் மிச்சமிருந்த காற்று

எத்திராஜ் என் கணவர். பீரோக்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். குடியாத்தத்திலிருந்து வந்து, ஒரு பீரோ கம்பெனியில் ஒன்பது வருஷம் ஸ்ப்ரே கன் பிடித்தார். 1996-ல், ஈஜிபுராவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னால் ஒரு தகர அறையில் சொந்தமாகத் தொடங்கினார். வாசலுக்குப் பிளாஸ்டிக் திரை. சுவரில், மூடிப்போன ஓட்டலிலிருந்து வாங்கிய எக்ஸாஸ்ட் ஃபேன்.

நெருப்பு விஷயத்தில் அவரைப் போலக் கண்டிப்பானவரை நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்குக்கூட அங்கே ஊதுபத்தி கொளுத்த மாட்டார். கன்னுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸருக்குப் பொட்டு வைப்பதோடு சரி. எல்லாரையும் 'குரு' என்றே கூப்பிடும் சிநேகிதர் டென்சில் பீடியோடு வந்தால் தெருவிலேயே நிறுத்திவிடுவார்.

"அண்ணி அடுப்பு பத்த வைக்கவும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா குரு?"

"தின்னர் மச்சான் இது. உன் வாய்க்கே பத்திக்கும்."

ஆனால் அவருக்கு நெருப்பு என்றால் தீக்குச்சிதான். கரண்ட் போய்க் கம்ப்ரஸர் நின்றாலும் டேங்கில் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும். பாதியில் விட்டால் கதவில் கோடு விழும் என்று அந்தக் காற்றிலேயே அடித்து முடிப்பார். ஃபேன் நின்றிருக்கும், பெயிண்டில் கலக்கும் தின்னரின் ஆவி வெளியே போகாது. ஃபேன் சுவிட்சையும் அணைக்க மாட்டார்.

சமையலறை ஜன்னலிலிருந்து அந்த ஃபேனின் முதுகு தெரியும். கரண்ட் திரும்பும்போதெல்லாம் மோட்டாருக்குள் நீலமாக ஒரு பொறி. கரண்ட் வரும்போது பொறி பறக்கிறது என்று ஒருநாள் சொன்னேன்.

"கரண்டே இல்லாத நேரம்தான் சேஃப்டி. அப்ப எதுல பத்தும்? ஏழாவதோட நின்னவ எனக்குச் சொல்ல வந்துட்டா," என்று சிரித்தார். எனக்குப் பேச வராது.

இன்னொரு நாள் மத்தியானம் ஒரு கல்யாண பீரோவின் கதவுகள். கரண்ட் போயிற்று. அவர் நிறுத்தவில்லை. நெடி சமையலறை வரை வந்து கண் எரிந்தது, அடுப்பை அணைத்தேன். அப்போது எதிர் வரிசையில் சந்திரம்மா வீட்டு டிவி பேச ஆரம்பித்தது. அங்கே கரண்ட் வந்தால் அடுத்த நிமிஷம் எங்கள் வரிசைக்கும் வரும்.

"ஏங்க," என்றேன். "ஏங்க, வெளிய வாங்க."

"இரு, ரெண்டு இழுப்புதான்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் பெயரை நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவேன்.

"எத்திராஜ்," என்று கத்தினேன்.

திரை விலகியது. கன்னைப் பிடித்தபடியே என்னிடம் வந்தார்.

"இப்ப என்னடி சொன்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் வந்தது, அவர் முதுகுக்குப் பின்னால் அறை பொக்கென்று பற்றியது. சத்தம்கூடப் பெரிதில்லை. கூரைத் தகரம் எழும்பிச் சாய்ந்தது. திரை சுருண்டு உருகியது. அவர் திரும்பிப் பார்த்தார். அவர் நின்றிருந்த இடத்தில் பீரோக் கதவு எரிந்துகொண்டிருந்தது.

அக்கம்பக்கத்தார் மண் அள்ளிப் போட்டு அணைத்தார்கள். அவர் பின்தலை முடி கருகியிருந்தது. கன்னை விடவே இல்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.

"யாரும் தீக்குச்சி கிழிக்கலையே," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு கட்டிய அறையில் ஃபேனின் சுவிட்சும் மோட்டாரும் வெளியே இருக்கின்றன. கரண்ட் போனால் கன்னை வைத்து, சுவிட்சை அணைத்து, திரையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து நிற்பார்.

"அண்ணி, இன்னொரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்," என்பார் டென்சில்.

நான் உள்ளே போய்விடுவேன். என் கணவர் சிரிப்பதில்லை.