தந்தி தனக்காகக் கேட்டது

அந்தப் பேருந்தில் ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு பலகை உண்டு. வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று எழுதியிருக்கும். அதை எழுதியவர் கல்யாணம் ஆகாதவராகத்தான் இருக்க வேண்டும். ஆகியிருந்தால், ஓட்டுநருக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள், அவளுக்கும் அவனிடம் சொல்ல நாலு விஷயம் இருக்கும் என்று யோசித்திருப்பார்.

இந்த ஓட்டுநருக்குப் பெண்டாட்டி இருந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். துண்டு போட்ட ரொட்டி உறைக்குள் விழுந்து அவளிடம் வரும். உறையின் கழுத்தைப் பிடித்து ஒரு திருகு, ஒரு கிளிப். மதியம்வரை இதுதான் வேலை. விடியும் முன்பே போய்விடுவாள். அவள் வெளியே வரும் நேரம் அவன் வண்டி எடுக்கும் நேரம். ஆகவே காலையில் குழந்தை அவன் பொறுப்பு, மதியத்துக்கு மேல் அவள் பொறுப்பு. பணிமனை வாசலில் குழந்தை கைமாறும். "சாப்பிட்டாச்சு, மூக்கு ஒழுகுது, தூங்கலை" என்று மூன்று சேதி சொல்லிவிட்டு அவன் உள்ளே ஓடுவான். அவன் வீடு திரும்பும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள். அவள் கிளம்பும்போது அவன் குறட்டையில் இருப்பான். ஒரே கட்டிலில் படுத்தும் முழித்த முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத ஜோடி.

அதற்காகத்தான் அவள் வியாழக்கிழமையைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் குழந்தையோடு புருஷன் வண்டியிலேயே ஏறிக்கொள்வாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கிற இருக்கை. மடியில் மகள், மகள் மடியில் காகிதப் பை. பைக்குள் கோணல் ரொட்டி. அச்சில் சரியாக உப்பாமல் ஒரு பக்கம் சாய்ந்த ரொட்டியைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். கோணல் ரொட்டிக்கு ருசி அதிகம் என்று அவள் அடித்துச் சொல்வாள். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய்த் திரும்புகிற அந்தப் பயணத்துக்காக மற்ற ஆறு நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவாள்.

முதல் வியாழக்கிழமையே நடத்துநர் பலகையைக் காட்டிவிட்டார். சட்டம் பேசுவதில் அந்த மனுஷர் கெட்டிக்காரர்.

"தங்கச்சி, வண்டி நகர்ந்தா வாயை மூடிக்கணும். பாசமெல்லாம் கடைசி நிறுத்தத்துல வெச்சுக்கங்க."

"குழந்தை பேசக் கூடாதுன்னு பலகையில போடலையே அண்ணா?" என்று கேட்டாள் அவள்.

நடத்துநர் பலகையை மறுபடி படித்தார். போடவில்லைதான்.

அவள் மகள் காதில் கிசுகிசுத்தாள்: "மதியம் சாப்பிட்டாரான்னு கேளு." மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, வண்டி முழுக்கக் கேட்கிற குரலில், "அப்பா, மதியம் சாப்பிட்டீங்களான்னு அம்மா கேக்கறாங்க" என்றாள். அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாப்பிட்டேன், உப்புதான் இல்லைன்னு சொல்லு" என்றான். "உப்பு இல்லையாம்." "அவரே சமைச்சதுதானேன்னு சொல்லு." பின் இருக்கைக்காரர்கள் சிரித்தார்கள். அன்றைக்கே நடத்துநர் குழந்தைக்குத் தந்தி என்று பேர் வைத்துவிட்டார். அந்தப் பேர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டு வயதில் ஆரம்பித்த உத்தியோகம். மூன்று முடிவதற்குள் தந்தி கைதேர்ந்துவிட்டாள். ஒரு சொல் கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு இருவருக்கும் சேர்ந்து விடுமுறை வரும். அன்றைக்கு வீட்டில் சண்டை வந்தாலும் தந்திக்குத்தான் வேலை. ஒருமுறை அவன் பெண்டாட்டியின் வெள்ளைத் தொப்பியைச் சிவப்புத் துண்டோடு சேர்த்து ஊறவைத்துவிட்டான். தொழிற்சாலையில் அத்தனை பேர் வெள்ளைத் தொப்பியில் நிற்க, இவள் மட்டும் ரோஜா நிறத் தொப்பியில் நின்றாள். மேற்பார்வைக்கார அம்மா, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

"சிவப்புத் துண்டைத் தனியா ஊறவைக்கணும்னு உங்க அப்பாகிட்ட சொல்லு."

"சாயம் போகும்னு துண்டு நெத்தியில எழுதி ஒட்டலைன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு."

தந்தி சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடி இரண்டையும் பட்டுவாடா செய்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மாதான் முதலில் தோற்றாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து அவனுக்கும் காலை வேலை என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் மாலையில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம், பூங்காவுக்குப் போகலாம், விளக்கை அணைத்துவிட்டு ஊர்க்கதை பேசலாம். ஒன்றுதான் இடித்தது. காலையில் குழந்தையை யார் பார்ப்பது? தொழிற்சாலைத் தெருவிலேயே, வேலைக்குப் போகிறவர்களுக்காக விடியும் முன்பே திறக்கிற ஒரு சின்ன மழலையர் பள்ளி இருந்தது. ஒரு காலைப்பொழுது விட்டுப் பார்க்கலாம் என்றார் டீச்சர்.

மதியம் அவள் கூப்பிடப் போனபோது தந்தி வேறு யாருடைய கால்சட்டையையோ போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

டீச்சருக்குக் கோபம் எல்லாம் இல்லை. அவளைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். "தங்கமான குழந்தைங்க. காலையிலேருந்து வகுப்புல அத்தனை பேருக்கும் வேலை பார்த்தா. 'அவனுக்குக் கார் வேணுமாம், இவளுக்குத் தண்ணி வேணுமாம்'னு என்கிட்ட வந்து வந்து சொன்னா. மத்த பசங்க என்கிட்ட கேக்கறதையே விட்டுட்டாங்க, எல்லாம் இவ வழியாத்தான். இவளுக்கு மூத்திரம் வந்ததை மட்டும் யாரும் வந்து சொல்லலை."

அவள் சிரிக்கப் போய், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"'பசிக்குதா'ன்னு கேட்டேன். 'அம்மா ஒண்ணும் சொல்லலை'ங்கறா. இங்க இருபது குழந்தைங்க இருக்கு. வலிக்குது, பசிக்குதுன்னு அதுங்களா வாயைத் திறந்து சொன்னாத்தான் என்னால பார்த்துக்க முடியும். அடுத்த வாரம் வீட்ல பழக்குங்க, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை மறுபடி கூட்டிட்டு வாங்க. அவளுக்குன்னு ஏதாவது ஒண்ணு கேட்டான்னா சேர்த்துக்கறேன். இல்லைன்னா ஆறு மாசம் போகட்டும்."

ஆறு மாதம் என்றால் அவள் வேலையை விட வேண்டும். அந்த வெதுவெதுப்பான கூடம், கிளிப் போட்டுக்கொண்டே கதையளக்கிற தோழிகள், சாய்ந்த ரொட்டி எல்லாவற்றையும் விட வேண்டும். அது வருத்தம்தான். ஆனால் வழியெல்லாம் அவள் மனசைப் பிடுங்கித் தின்றது அது இல்லை. தன் குழந்தை இதுவரை என்னென்ன கேட்டிருக்கிறாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பசிக்கும் முன்பே ஊட்டினார்கள், தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வைத்தார்கள், கைமாறும்போது சேதி சொல்லிக்கொண்டார்கள். நடுவில் நின்ற பிள்ளையின் வாயை இருவரும் தங்கள் பேச்சுக்கே வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். சமர்த்துப் பிள்ளை, அடம் பிடிக்காத பிள்ளை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது வேறு. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அவன் இதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானே, நான் பழக்கறேன்" என்றான். விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்ததும் குழந்தையை மேசைமேல் உட்கார வைத்துக்கொண்டான்.

"சொல்லு பார்ப்போம். எனக்குத் தண்ணி வேணும்."

தந்தி மேசையிலிருந்து இறங்கினாள். சமையலறைக்குப் போனாள். "அம்மா, அப்பாவுக்குத் தண்ணி வேணுமாம்."

தண்ணீர் வந்தது. அவன் குடித்தான். வேறு என்ன செய்வான்?

பிறகு, இனிமேல் நேருக்கு நேர் பேசிக்கொள்வது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். வியாழக்கிழமை வண்டி நகர்ந்ததும் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்று நேரடியாகக் கேட்டாள். நடத்துநர் திரும்பிப் பார்த்தார். கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெரியவர் பலகையை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "குழந்தை நல்லதுக்குத்தாங்க ஐயா" என்று அவள் சொல்ல, அவர் ஒன்றும் புரியாமல் தள்ளிப்போய் நின்றார்.

"சாப்பிட்டேன்" என்றான் அவன்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. நடுவில் ஆள் இல்லாமல் பேசிப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. தந்தி முன்னால் சாயவில்லை. கம்பியைப் பிடிக்கவில்லை. பையிலிருந்த ரொட்டியைத் தொடவில்லை. அப்பாவின் முதுகையும் அம்மாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழுதடு பிதுங்கியது. சத்தம் இல்லை, கண்ணீர் மட்டும் வழிந்து கன்னத்தில் இறங்கியது. ஏன் அழுகிறாள் என்று அவளும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தால்தான் இந்தப் பாடே இல்லையே.

அவள் குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பாடமாவது, பழக்கமாவது!

"அம்மாவால தாங்க முடியலைன்னு அப்பாகிட்ட சொல்லு கண்ணு" என்று காதில் சொன்னாள்.

தந்தி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கம்பியைப் பிடித்தாள். "அப்பா, அம்மாவால தாங்க முடியலையாம்."

ஒரு நிறுத்தம் வந்து போனது. "எனக்கும்தான்னு சொல்லு" என்றான்.

நடத்துநர் அந்தச் சமயம் பார்த்துச் சில்லறையைக் கீழே போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவன் முதல் காலை வண்டிக்குப் போய்விட்டான். அவள் மேற்பார்வைக்கார அம்மாவிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, குழந்தையோடு பள்ளிக்கு வந்தாள். வழியெல்லாம் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே நடந்தாள். சொல்லிக்கொடுத்தால் அதுவும் அம்மா சொன்ன சேதிதானே.

டீச்சர் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். "உனக்கு என்ன பிடிக்கும்? பந்தா, பொம்மையா?"

தந்தி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கிறியா?"

மறுபடி அம்மாவைப் பார்த்தாள். அதற்குள் ஒரு பொடியன் வந்து தந்தியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். காதில் ஏதோ சொன்னான். தந்தி முகம் மலர்ந்து, "டீச்சர், இவனுக்குச் செருப்பு கழட்ட வரலையாம்" என்றாள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே ஆறு மாதம் தெரிந்தது.

"நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க. நீங்க இல்லாம இருந்தா என்ன பண்றான்னு பார்க்கலாம்."

தன் முந்தானையில் கோத்திருந்த குழந்தையின் விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முத்தம் கொடுத்தால் அழுதுவிடுவோம் என்று தலையை மட்டும் தடவினாள். திரும்பி நடந்தாள். கதவுவரை போய்விட்டாள்.

"போகாதே."

பின்னாலிருந்து வந்தது. அவள் நின்றாள். சின்னக் குரல்தான். ஆனால் தந்தியின் குரல் அது இல்லை. வண்டி முழுக்கக் கேட்கும் அந்தக் கணீர்க்குரல் எங்கோ போயிருந்தது.

ஒரு வருஷத்துப் பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருந்தது. அவள் யோசிக்காமலே கேட்டுவிட்டாள். "யாரு சொல்லச் சொன்னாங்க?"

தந்தி டீச்சரைப் பார்த்தாள். செருப்புக்காரப் பொடியனைப் பார்த்தாள். சுற்றிலும் தேடினாள். சொல்லச் சொன்னவர் யாரும் கிடைக்கவில்லை.

"யாரும் சொல்லலை" என்றாள். முகம் கோணிக்கொண்டது. "நான்தான் சொல்றேன். நீ போகாதே. எனக்கு நீ இங்கயே இருக்கணும்!" என்று காலை உதைத்து, பள்ளி அதிர ஓவென்று அழுதாள். பிறந்ததிலிருந்து பிடிக்காத அடத்தை எல்லாம் வட்டியும் முதலுமாகப் பிடித்தாள்.

டீச்சர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "சேர்த்தாச்சு. ரொம்பத் தெளிவாவே கேட்டுட்டா. நீங்க இப்பத் திரும்பிப் பார்க்காமக் கிளம்பிடுங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடுவா. எல்லாக் குழந்தைங்களுக்கும் நாங்க சொல்றதுதான் இது."

அவள் கிளம்பவில்லை. கூடத்துக்குள் திரும்பி வந்து, குழந்தையை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். தொழிற்சாலைச் சங்கு தெருமுனையில் ஊதியது. மேற்பார்வைக்கார அம்மா இன்றைக்குக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார், கட்டட்டும்.

"இல்லைங்க டீச்சர்" என்றாள். கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனதால் பேச்சு குழறியது. "இன்னைக்குத்தான் முதல் முதலா ஒண்ணு கேட்டிருக்கா. அதையே இல்லைன்னு சொல்லிட்டுப் போனா, அப்புறம் என்னைக்குக் கேப்பா?"

டீச்சர் மூலையில் இருந்த ஒரு குட்டி நாற்காலியை எடுத்துவந்து போட்டார். முழங்கால் முகவாயில் இடிக்க அவள் அதில் உட்கார்ந்தாள்.