ரத்தினபாயின் நான்காவது மாத்திரை

எங்கள் அலுவலகத் திரையில் ரத்தினபாய் அக்கா ஒரு பச்சைப் புள்ளி. இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் நோயாளிகள் நூற்றுப்பத்துப் பேரை அங்கிருந்தே கண்காணிக்கிறோம். ஆளுக்கு ஒரு மாத்திரைப் பெட்டி, ஓர் எடை மெஷின். காலை எட்டுக்குப் பெட்டி கத்தும். மூடி திறந்தால் பச்சை, திறக்காவிட்டால் சிவப்பு. சிவப்புக்குப் போன் போடுவது என் வேலை. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக நான் கெமிஸ்ட்ரி படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டூவீலர் ஸ்டாண்டில் பதினாலு வருஷமாகக் காலை ஐந்திலிருந்து ஒரு மணி வரை டோக்கன் கிழிக்கிறார். டோக்கனைத் தொலைத்தவரிடம் ஆர்.சி. புக் எல்லாம் கேட்கமாட்டார். "வலது கண்ணாடி ஒடஞ்ச ஸ்கூட்டி, உன்துதான். கண்ணாடிய மாத்தேன்யா, கஸ்மாலம்." அவ்வளவுதான் விசாரணை.

இருபது நாள் தொடர்ந்து பச்சை. 'இந்த மாதத்தின் சிறந்த நோயாளி' என்று நானே பூங்கொத்துப் படம் போட்டு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். அந்த வாரமே அவர் எடை மூன்று கிலோ ஏறியது. பெட்டியோ பச்சை. "மாத்திரை ஒழுங்கா போட்டும் ஏறுதுன்னா டோஸ் பத்தல. அட்மிட் பண்ண வேண்டியதுதான்" என்றார் எங்கள் இதய டாக்டர் ஸ்ரீரங்கன்.

போன் செய்தேன். "எல்லாம் போட்டுக்கினுதான் கீறேன், வை." அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

மறுநாள் வண்டலூரில் வழக்கத்துக்கு முந்தைய ரயிலைப் பிடித்து, நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். அக்காவின் கால் செருப்புக்குள் அடங்கவில்லை. எட்டுக்குப் பெட்டி கத்தியது. திறந்தார். நான்கு மாத்திரை. மூன்று வாய்க்குள். நீர் பிரிவதற்கான சின்ன வெள்ளை மாத்திரை மட்டும் டோக்கன் டப்பாவுக்குள். அங்கே அதன் கூடப்பிறந்தவை ஒன்பது ஏற்கெனவே இருந்தன.

"என்னக்கா இது?"

"தொறன்னு கத்துச்சு, தொறந்தேன். முழுங்குன்னு கத்தலியே."

"அக்கா!"

"மத்த மூணும் நல்ல புள்ளிங்க. இது ஒண்ணுதான் பேஜாரு. போட்டா அர மணிக்கொரு தபா ஒண்ணுக்கு வருது. கக்கூஸு அந்தாண்ட, பாலம் ஏறி எறங்கணும். மூச்சு வாங்காம இருக்கத்தான மாத்திர? அத்த போட்டுக்கினு பாலம் ஏறுனா மூச்சு வாங்குது. அதுவரிக்கும் இருநூறு வண்டிய யாரு பாத்துக்குவா, நீயா?"

எங்கள் படிவத்தில் மாத்திரை தவறியதற்கு மூன்று காரணங்கள் உண்டு: மறதி, செலவு, பக்கவிளைவு. கக்கூஸ் இல்லை. இத்தனைக்கும், கழிப்பறை இல்லாத மின்சார ரயிலில் வரவேண்டுமே என்று நானே காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. இருபது நாளில் ஒரு நாள்கூட எனக்கு அது உறைக்கவில்லையே, ஏன்?

அங்கிருந்தே டாக்டருக்குப் பேசினேன். "இன்னைக்கு மத்தியானம் வந்து காட்டட்டும். நாளைலேருந்து இந்த ஒண்ணை மட்டும் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் ரெண்டு மணிக்குப் போடட்டும். அப்பவும் எடை இறங்கலேன்னா அட்மிஷன்தான்."

ஐந்தாம் நாள் எடை இரண்டரை கிலோ இறங்கியிருந்தது. செருப்பு மாட்ட முடிகிறதாம். பெட்டி இப்போது இரண்டு மணிக்கும் கத்துகிறது, பச்சை விழுகிறது. பச்சைக்குப் போன் போடச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவிடவில்லை. போடுகிறேன்.

"அக்கா, வாயில போட்டீங்களா?"

"போட்டுட்டு கக்கூஸுலதான் குந்திக்கினு கீறேன். இதுக்கும் ஒரு பச்ச புள்ளி வெப்பியா?"