பாட்டிலுக்குள் எந்த மாவு

சூடேறிய ரப்பர் மூடியின் நெடி மூக்கில் பட்டால் இன்றும் எனக்கு ஒரு மத்தியானம் நினைவுக்கு வரும். மூங்கில் விட்டத்தில் தொங்கவேண்டிய குளுக்கோஸ் பாட்டிலை அப்பா மார்போடு பிடித்துக்கொண்டு, கொடுக்கமாட்டேன் என்று எங்கள் குடிசைக்குள் நின்ற மத்தியானம் அது.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே அறுப்புக்குப் போகாமல் இருந்த வருஷம். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார், ரோட்டில் போலீஸ் லாரி நின்றது. கூலி முடிவாகும்வரை அவர் வயல் நெல்லில் ஒரு பருக்கையும் வாயில் வைப்பதில்லை என்று கொடிக்கம்பத்தடியில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். முதலில் சத்தியம் செய்தவர் சங்கத் தலைவராயிருந்த அப்பா. கடைக்கு வருவதும் மிராசுதார் மில் அரிசிதான் என்பதால், கிழங்கையும் கீரையையும் வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. அந்த நேரத்தில் தம்பி பிறந்தான். மறுநாள் அம்மாவுக்குக் கண் செருகிவிட்டது.

கூத்தாநல்லூரிலிருந்து சைக்கிளில் வந்த கம்பவுண்டர் பாய் நாடி பார்த்துவிட்டு, "இப்பவே குளுக்கோஸ் ஏத்தணும், இல்லன்னா நான் பொறுப்பில்ல" என்றார். வாசலில் கூடியிருந்தவர்களில் எதிர்வீட்டு அத்தைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மிராசு மில்லுல வடிச்ச கஞ்சியத்தான் பாட்டில்ல அடைக்கிறாங்களாம். நமக்குப் பட்டினி, தலைவர் வூட்டுக்கு மட்டும் ஊசி வழியா கஞ்சி."

அப்பா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். "இது எதுலேருந்து எடுக்குறது பாய்?"

"டெக்ஸ்ட்ரோஸ்னு போட்டிருக்கு பாரு. ஒரு வகை சர்க்கரைப்பா. மாவைப் பக்குவம் பண்ணி எடுக்குறாங்க. சோத்த மென்னுகிட்டே இருந்தா கடைசில இனிக்குதுல்ல, அந்த மாதிரிதான்."

நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். அப்பாவின் முகம் இறுகிவிட்டது. "அப்ப சோறுதானே. என் வூட்டுலயே தின்னா நாளைக்கு இந்தத் தெருவுல எவன் நிப்பான்?"

நான் தட்டி மறைவில் நின்று அம்மாவின் வயிறு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசைந்தது.

"எந்த மாவுன்னு கேளுங்க."

"மக்காச்சோளம்மா. வடக்கேருந்து வருது," என்றார் பாய்.

அம்மா கண்ணைத் திறக்காமலே, "மிராசு வயல்ல என்னிக்கு மக்காச்சோளம் வெளஞ்சிது?" என்றாள்.

முதலில் சிரித்தது அத்தைதான். "அதானே, நெல்லுக்குத்தான சத்தியம். போடுங்க பாய்." அப்பாவின் பிடி தளர்ந்தது. பாட்டிலில் குமிழி ஒவ்வொன்றாய் ஏற, பொழுது சாயும்போது அம்மா பிள்ளையைக் கேட்டாள்.

கேட்டதில் பாதிதான் கூலி ஏறியது. சோறு வடித்த முதல் நாள், ஒரு வாயை இனிக்கும்வரை மென்று பார்த்தேன். அந்தக் கண்ணாடிப் பாட்டில் வெகுகாலம் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய்க்கு இருந்து, எப்போதோ உடைந்துபோயிற்று.

போன மாசம் ஆஸ்பத்திரியில் எனக்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். இப்போது பிளாஸ்டிக் பை, அந்த ரப்பர் நெடி இல்லை, எதிலிருந்து எடுத்தது என்று கேட்க வாசலில் ஒருவரும் இல்லை. துணைக்கு இருந்தவன் அந்தத் தம்பிதான். மிராசுதார் குடும்பம் விற்றுவிட்டுப் போன நிலத்தில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், இன்று அவனுடையது. ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியவில்லை என்று இந்த வருஷம் அதில் மக்காச்சோளம் போட்டிருக்கிறான்.