கையா, கடிகாரமா?

“லைட்டை யாரு போட்டது?”

எங்கள் விளக்குக் கம்பெனியின் பொறியாளர், பரிசோதனை அறைக்குள் கால் வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார். அன்று உள்ளே இருந்தவள் நான் மட்டும்.

“நான்தான் சார்.”

“கையாலயா?”

“ஆமா சார். இந்தச் சுவர்ல இருக்கிற சுவிட்சுல.”

“சரி.” அதன் பிறகுதான் உள்ளே வந்தார். “கையேடு எழுத வந்திருக்கிற பொண்ணு நீங்கதானே? ரெண்டு மொழியிலயும் எழுதுவீங்களாமே.”

“ஆமா சார். ஒரு சந்தேகம். லைட்டு எரியுதுன்னு போன்ல தெரியறதை எப்படி எழுதறது? ‘வீட்டில் விளக்கு எரிகிறது’ன்னா போதுமா?”

“போதும். அதோட நிறுத்திக்குங்க.”

“‘வீட்டில் ஆள் இருப்பதை அறியலாம்’னும் சேர்க்கச் சொல்றாங்க, விளம்பரப் பிரிவுல.”

நாற்காலியை இழுத்தவர் உட்காரவில்லை. “அந்த வரி வேணாம்மா. அது வந்துச்சுன்னா நான் இந்த வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்.” அதட்டலே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு, “டீ சாப்பிட்டாச்சா?” என்றார்.

அலுவலகத்தில் அவருக்கு ‘யாருபோட்டது’ என்றே பெயர். “யாருபோட்டது வர்றாரு, லைட்டை அணைச்சுட்டு உக்காருங்கடா” என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். “அணைச்சது யாருன்னும் கேப்பேன்” என்றபடி கடந்து போவார்.

சுவிட்சும் விளக்கும் கம்பி இல்லாமல் பேசிக்கொள்ள வழி செய்வது அவர் தொழில். சுவரில் ஒட்டிய சுவிட்சுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி. அழுத்தியதும் ஒரு சின்னச் செய்தி ரேடியோ அலையில் கிளம்பும். கூரைக்குள் ஒளிந்திருக்கும் பெட்டி அதைக் கேட்டு ‘டிக்’ என்று மின்சாரத்தைத் திறந்துவிடும். விளக்கோ விசிறியோ தண்ணீர் மோட்டாரோ, எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். தூரம் கூடினால் நடுவில் உள்ள ஒரு விளக்கு செய்தியை வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும். “வாய்க்கு வாய் போற வம்பு மாதிரிதாம்மா. என்ன, இதுங்க கண்ணு மூக்கு வெச்சுச் சொல்லாது.”

ஆள் குடிவராத கட்டடங்களுக்குச் சோதனைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். குறிப்பு எடுப்பதற்கென்று நினைத்துத்தான் முதல்முறை போனேன். நடைவழியின் மத்தியில் என்னை நிறுத்தி, சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து விலகிப் போனார். “மனுஷ உடம்பு பாதிக்கு மேல தண்ணி. அலையைக் குடிச்சிடும். அசையாதீங்க, நீங்க ஒரு சுவருக்குச் சமம்.” பாராட்டா, திட்டா என்று தெரியாமல் நின்றேன். எனக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. ஒரு தேர்வு முடிந்தவர் போலப் பெருமூச்சு விட்டார்.

அவர் வடிவமைத்த பொருள் ஒன்றுகூட அவர் வீட்டில் கிடையாது. எல்லாம் பழைய ‘டக்’ சுவிட்சுகள். “சொந்த வீட்டுக்கே நம்பலையா சார்?” என்று மேலாளர் சீண்டினால், “எங்க வீட்ல எல்லாருக்கும் கை இருக்கு” என்பார்.

காரணத்தை ஒரு மதியம், வெள்ளையடித்த வாசம் போகாத ஓர் அறையில், தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்துச் சொன்னார்.

அவருக்கு ஓர் அக்கா. கணவர் போன பிறகு வேறு ஊரில், மாடி வீடு ஒன்றில் தனியாக இருந்தவர். தான் செய்த முதல் விளக்கை அந்த வீட்டுக் கூடத்தில்தான் தம்பி மாட்டினார். இங்கிருந்தபடியே போன் திரையைத் தொட்டு அதைப் போடலாம், அணைக்கலாம். போனில் பேசும்போதே போட்டுப் போட்டு அணைப்பார். “விளையாடாதேடா, பல்பு போயிடும்” என்று அக்கா சிரிப்பாராம். சாயங்காலம் அந்த விளக்கு எரிவது திரையில் தெரிந்துவிட்டால் இவருடைய அன்றைய கவலை தீர்ந்தது.

“போன் பண்றது கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுபோச்சும்மா. அதான் லைட்டே சொல்லுதேன்னு விட்டுட்டேன்.”

அக்கா ஒருமுறை கல்யாணத்துக்காக வெளியூர் போனார். பூட்டிய வீட்டில் ஆள் இருப்பதாகத் திருடன் நினைக்கட்டும் என்று, இருட்டியதும் கடிகாரக் கணக்கில் விளக்கு தானாக எரியும்படி தம்பி இங்கிருந்து மாற்றிவைத்தார். அக்கா திரும்பி வந்த பிறகு அதை எடுத்துவிட மறந்துபோனார்.

“கடைசியில ஏமாந்தது திருடன் இல்ல.”

அக்கா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. போன் கூடத்து மேசைமேல் இருந்தது. இருட்டியதும் விளக்கு எரிந்தது. அக்கா போட்டிருக்கிறார் என்று இவர் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் சாயங்காலமும் எரிந்தது. அதற்கு அடுத்த நாள், தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச வந்த கீழ்வீட்டுக்காரர் முனகலைக் கேட்டுக் கதவை உடைத்தார்.

“அது போகட்டும். ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? ‘நீ லைட்டைப் போட்டதும் எனக்கு உசிரே வந்துச்சுடா. தம்பி நம்மளை நினைச்சுக்கிட்டான், போன் பண்ணுவான், எடுக்கலைன்னா ஓடி வந்துடுவான்னு அந்த வெளிச்சத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன்’னா.”

டப்பாவை மூடினார்.

“அவ போட்டான்னு நான் நினைச்சேன். நான் போட்டேன்னு அவ நினைச்சா. நான் இல்லக்கான்னு சொல்ல வாய் வரல. இன்னிக்கு வரைக்கும் வரல. வாங்க, அடுத்த மாடியைப் பாக்கலாம்.”

அக்கா விழுந்ததற்குப் பிறகுதான் ஒரு குறியை அவர் பிடித்துக்கொண்டார். விளக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் ஒரே ஒரு குறி கூடுதலாக இருக்க வேண்டும்: போட்டது கையா, கடிகாரமா? கூட்டத்தில் மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சார், ஒவ்வொரு குறிக்கும் பேட்டரி செலவாகுது. யாரு போட்டான்னு எவன் கேக்கறான்?”

“நான் கேக்கறேன்.”

“நீங்க காலையிலேர்ந்து அதைத்தானே சார் கேக்கறீங்க!”

அறையே சிரித்தது. அவரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். கடைசியில் போனால் போகிறது என்று குறியை விட்டுவைத்தார்கள். ஆனால் போன் திரையை வடிவமைப்பவர்கள் அதற்கு இடம் ஒதுக்கவில்லை. ஒவ்வொரு செய்தியோடும் அது கிளம்புகிறது, போய்ச் சேர்கிறது, யார் கண்ணிலும் படுவதில்லை. அவருக்கும் இது தெரியும். அதைப் பற்றிக் கேட்டபோது, “போய்ச் சேருதில்ல” என்றார்.

அக்கா இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறார். பார்வையும் மங்கிவிட்டது. எழுத்து தெரியாது, முகம் தெரியாது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அறையில் யார் விளக்கைப் போட்டாலும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, “தம்பியா?” என்பாராம். அதற்காகவே சாயங்காலம் எங்கிருந்தாலும் அவர் வீட்டுக்கு ஓடுகிறார். அவர் மனைவி இருட்டிலேயே உட்கார்ந்து காத்திருக்கிறார்.

போன மாதம் என்னை வீட்டுக்கு அழைத்தார். அக்கா பார்க்க ஆசைப்படுவதாகச் சொன்னார். மாடிப்படியில் முன்னால் ஏறியவர், கதவுக்கு இரண்டு படி கீழேயே நின்றுவிட்டார்.

“ஒரு நிமிஷம்மா. போன வாரம் வந்த சொந்தக்காரங்க, இப்பல்லாம் லைட்டு தானாவே எரியுதுன்னு அக்காகிட்ட அளந்துட்டுப் போயிருக்காங்க. அதுலேர்ந்து அவளுக்கு ராத்திரி தூக்கமில்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ‘அந்தக் கையேடு எழுதற பொண்ணைக் கூட்டிட்டு வா, எழுதறவ பொய் சொல்லமாட்டா’ங்கறா.”

உள்ளே ஊன்றுகோல் ஒன்று தரையைத் தட்டிக்கொண்டு கதவை நோக்கி வந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கேட்டா, நம்ம லைட்டுக்கு அதெல்லாம் தெரியாதுன்னு சொல்லிடுங்கம்மா. யாராவது கை வெச்சாத்தான் எரியும்னு சொல்லுங்க.”