அமாவாசைக்கு அமாவாசை நகரும் வீடு

ஆரம்பத்தில், அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் கண்ணாடி டம்ளர்களைப் பழைய துண்டில் சுற்றத் தொடங்குவேன். அடுத்தது தோசை மாவு. மாவுப் பாத்திரத்தை இறுக்கி மூடி, வாளிக்குள் இறக்கி, வாளியைக் குளியலறை மூலையில் வைத்துவிட வேண்டும். ஒருமுறை இதை மறந்தேன். மாவு கட்டிலுக்கடியில் ஓடி, மறு அமாவாசை வரை வீடு முழுக்கப் புளித்த வாசனை. பிறகு ஃபிரிட்ஜைக் கயிற்றால் சுவரோடு கட்டுவேன். கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைப்பேன். காலையில் டிராக்டர் வரும். எங்கள் வீட்டை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றுக்கு அந்தப் பக்கம் விடும். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் இந்தப் பக்கம்.

எங்கள் வீட்டுக்குச் சக்கரம் உண்டு. அதை வரைந்தவள் நான்தான். அதனால் யாரையும் திட்ட முடியாது.

கள்ளக்குறிச்சியில் ஓர் என்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைவது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் படுக்கையறை வரைந்துவிட்டு, பஸ் பிடித்துச் சங்கராபுரம் பக்கம் மாமியார் வீட்டுக்கு வந்தால், எனக்கும் என் கணவருக்கும் கொடுத்திருந்தது மக்காச்சோள மூட்டை அடுக்கிய அறை. மூட்டை எடுக்க யாரும் எந்நேரமும் வருவார்கள். தாழ்ப்பாள் போட்டால் மறுநாள் வீடே சிரிக்கும். அவர் மலைமேல் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தினமும் பைக்கில் கல்வராயன் மலை ஏறி இறங்குகிறவர், வந்ததும் மூட்டைமேல் சாய்ந்தபடியே தூங்கிவிடுவார். மலைமேலேயே குடியிருக்கலாமென்றால் என் வேலை போய்விடும்.

நிலம் இருந்தது. ஊருக்கு வெளியே, கிணற்றோடு. ஆனால் அது மாமனாருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. பாகம் பிரிக்கவில்லை; கிணற்றுக்கு இந்தப் பக்கம் மாமனாரும் அந்தப் பக்கம் அண்ணனும் பயிர் வைத்துவந்தார்கள். கிணறு யார் பங்குக்குப் போகும் என்பதில், நான் கல்யாணமாகி வருவதற்கு வெகுகாலம் முன்பே அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருந்தது. பிரிக்கும்வரை யாரும் அங்கே வீடு கட்டக் கடக்கால் தோண்டக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்களை வைத்து முடிவாகியிருந்தது.

மூட்டை அறையில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது பட்டது. எந்த நாட்டிலோ ஒரு ஜோடி சக்கரத்தின்மேல் வீடு கட்டி, ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தின்மேல் நிற்கிற வீட்டுக்குக் கடக்கால் எதற்கு? அன்றைக்கே வரைய ஆரம்பித்தேன். அப்போதெல்லாம் எனக்கு அலுப்பு என்றால் என்னவென்று தெரியாது.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் தேடி, பழைய டிராக்டர் டிரெய்லரின் அடிச்சட்டம் ஒன்றை வாங்கினோம். பதினெட்டடி நீளம், எட்டடி அகலம். அதற்குமேல் அகலமாக்கினால் எதிரே வரும் கரும்பு லோடுக்கு வழிவிட முடியாது. இரும்புக் குழாயில் கூடு. வெளியே தகரம், உள்ளே சிமெண்ட் பலகை, வெயிலுக்காக நடுவே தெர்மாக்கோல். சமையல் மேடைக்கு மேலே பரண். கட்டிலை ஒட்டி மலை தெரிகிற மாதிரி ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலைச் சின்னதாக்கினால் சட்டம் பலமாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை.

கள்ளக்குறிச்சிப் பட்டறைக்காரருக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை.

"யக்கா, உண்மைய சொல்லுங்க. இது டிபன் கடைதான?"

"வீடுங்க."

"வூட்டுக்கு எதுக்கு யக்கா சக்கரம்? சரி, எதுக்கும் சைடுல ஒரு தட்டு வெச்சி வெல்டு அடிச்சிடறேன். நாளைக்கி தோசைக்கல்லு போடலாம்னு தோணிச்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

தட்டையும் அடித்தே கொடுத்தார். வீட்டை டிராக்டரில் கட்டி இழுத்து வந்த அன்று, சங்கராபுரம் ரோட்டில் ஒரு பைக் எங்களுக்கு இணையாக வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் தட்டைக் காட்டிக் கேட்டார்: "பஜ்ஜி இருக்குதுங்களா?"

நிலத்தில் பெரிய மாமா, அதாவது மாமனாரின் அண்ணன், காத்துக்கொண்டிருந்தார். சேதி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"இன்னாடா இது?"

"வண்டி பெரியப்பா," என்றார் என் கணவர்.

"கடக்கால் தோண்டலிங்க மாமா. ஒரு செங்கல்லு கெடையாது. சக்கரத்த பாருங்க," என்றேன் நான்.

அவர் ஒருமுறை சுற்றி வந்தார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"கதவு இருக்குது, ஜன்னல் இருக்குது, கக்கூஸ் இருக்குது. நாளைக்கி பாகம் பிரிக்க சொல்லோ, அவங்கதான் அங்க குடியிருக்காங்களே, கிணத்தோட அவங்களுக்கே வுட்டுடுன்னு நாலு பேரு சொல்லுவாங்க. அதுக்குத்தான?"

"சத்தியமா இல்லிங்க மாமா. வண்டிங்க."

"வண்டின்னா நகரணும். ஒரு மாசம் உங்க பக்கம், ஒரு மாசம் எம்பக்கம். அமாவாசைக்கு அமாவாசை நகர்ந்துகினே இருந்தா வண்டி. நின்னுகினு இருந்தா ஆளு வெச்சி பிரிச்சி போட்டுடுவேன்."

அமாவாசையை அவர் சும்மா சொல்லவில்லை. அன்று எங்கள் பக்கம் யாரும் உழமாட்டார்கள். டிராக்டர் சும்மா நிற்கும். நான் யோசிக்கவேயில்லை, உடனே சரி என்றேன். மாசத்துக்கு ஒரு இடம், இதில் என்ன கஷ்டம் என்று கணவரிடமும் சொன்னேன். வீட்டுப்பாடம் எழுதிவிட்டேன், நோட்டைத்தான் கொண்டுவரவில்லை என்று சொல்லும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

முதல் மாதம் நாங்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கினோம். அதை எப்படிச் சொல்வது? தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காகவே நான் இரண்டு தடவை எழுந்து கதவைத் திறந்து மூடினேன். விடிந்தால் ஜன்னலில் மலை. மலையை எழுப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன் என்பார் அவர்.

பிறகு அமாவாசைகள் வர ஆரம்பித்தன. நகரும் வீட்டில் எதெது உடையும் என்று எந்த வீடியோவிலும் சொல்லியிருக்கவில்லை. குளியலறை டைல்ஸ் முதல் நகர்விலேயே விரிசல் விட்டது. பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் பலகை அடித்தோம். ஒவ்வொரு தடவையும் தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்ட, மாட்டிய இடத்தில் சொட்டும். நான்கு மூலைக்கும் கல் கொடுத்து மட்டம் பார்க்காவிட்டால் தலை கீழாகவும் கால் மேலாகவும் தூங்க வேண்டும். அதைவிடப் பெரிய கொடுமை, பெரிய மாமா பக்கம் டிராக்டர் போகும் வழி அப்படி, அங்கே போனால் வீடு திரும்பித்தான் நிற்கும். மலைக்காக நான் சண்டை போட்டு வைத்த ஜன்னலில் அந்த மாதம் முழுக்க அவருடைய மோட்டார் கொட்டகை. மோட்டாரைப் பார்த்துக்கொண்டே எழுந்து, மோட்டாரைப் பார்த்துக்கொண்டே தூங்கினோம்.

இதற்கிடையில் வீட்டின் படம் யார் யார் போனுக்கோ போய், ரிஷிவந்தியத்திலிருந்தும் எலவனாசூர்கோட்டையிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒண்ணு வாங்கணும், எவ்ளோ ஆவும், எத்தினி நாளு ஆவும். முன்பென்றால் அச்சு, டயர், பரண் என்று காது வலிக்கப் பேசியிருப்பேன். இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்.

"நிலம் உங்க பேர்ல தனியா இருக்குதுங்களா?"

"அது வந்துங்க... தம்பிங்களோட பொதுவுலதான்..."

"பாகம் பிரிச்சிட்டுக் கூப்பிடுங்க."

யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

கார்த்திகை அமாவாசைக்கு எனக்குக் காய்ச்சல். மூட்டுக்கு மூட்டு வலி. விரல் மடங்கவில்லை. அந்த மாதம் வீடு எங்கள் பக்கம் நின்றது, ஜன்னலில் மலை இருந்தது. முந்தின நாள் நான் எதையும் சுற்றவில்லை. அவர் துண்டை எடுத்துக்கொண்டு டம்ளர்களிடம் போனார்.

"வுடுங்க," என்றேன். "நான் நகரப் போறதில்ல. பிரிச்சி போடறதுன்னா போடட்டும். மூட்டை ரூமுக்கே போயிடலாம்."

என் வாயிலிருந்து அது வரும் என்று நானே நினைத்ததில்லை. அவர் துண்டை மடித்து வைத்தார்.

காலையில் டிராக்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெரிய மாமாவின் குரல்.

"இன்னாடா, மாட்டாம நின்னுகினு இருக்கற?"

"அக்காவுக்கு ஜொரங்க. படுத்துகினு இருக்குது. ஆள உள்ள வெச்சிகினு இழுக்க மாட்டங்க நானு," என்றார் டிராக்டர்காரர்.

"நகர்ற அன்னிக்குத்தான் ஜொரம் வருமா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. படுத்தபடியே கத்தினேன். "உள்ள வந்து தொட்டுப் பாருங்க மாமா!"

படியில் கால் விழ, வீடு அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. அதுவரை அவர் உள்ளே வந்ததேயில்லை. முதலில் கேட்டது பரணில் தலை இடிக்கும் சத்தம்.

"ஐயோ! இன்னா வூடு கட்டி வெச்சிகிறீங்க, மன்சன் தல நிமிர முடியாம!"

"வண்டி பெரியப்பா," என்றார் என் கணவர், முகம் மாறாமல்.

டிராக்டர்காரர் வெளியே சிரித்தார். பெரிய மாமா என்னைத் தொட்டெல்லாம் பார்க்கவில்லை. தலையைத் தேய்த்துக்கொண்டு, கட்டாத ஃபிரிட்ஜையும் சுற்றாத டம்ளர்களையும் பார்த்தார். ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.

"கஞ்சி குடிச்சியா?"

"அவரு வெச்சிக் குடுத்தாருங்க."

"இவனா? அப்ப ஜொரம் ஜாஸ்திதான் ஆவும்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "இத பாரும்மா, இன்னிக்கி நகர்த்தாம வுட்டேன்னு வெச்சிக்க, அண்ணன் எறங்கி வந்துட்டான்னு ஊர்ல பேசுவாங்க. உங்க மாமனாருதான் மொதல்ல பேசுவான். இப்டி கெடக்கறவள இழுத்துகினு போனாலும் பேசுவாங்க."

மாமனாரைப் பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் குனிந்து, தலையைக் காப்பாற்றிக்கொண்டு வெளியே போனார்.

"டேய், டிராக்டர வுட்டுடு. கடப்பாரை எடுத்தா. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா போதும். நகர்ந்தா நகர்ந்ததுதான்."

"எந்தப் பக்கங்க?"

"கிணத்த வுட்டு அந்தாண்டதான். வேற எந்தப் பக்கம்?"

மூலைக் கற்களை எடுத்தார்கள். மூன்று பேரும் சக்கரங்களுக்குப் பின்னால் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். கட்டில் மெதுவாகப் போவதை நான் முதுகில் உணர்ந்தேன். ஸ்டூலின்மேல் இருந்த தண்ணீர் ஆடியது. சிந்தவில்லை.

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. அமாவாசை காலையில் பெரிய மாமா கடப்பாரையோடு வருவார். சக்கரம் ஒரு சுற்று, கையைத் தலைக்குமேல் நீட்டிப் படுத்தால் ஓர் ஆள் வரும் தூரம். டம்ளர் சுற்ற வேண்டாம், மாவை வாளியில் வைக்க வேண்டாம். ஜன்னலில் எப்போதும் மலைதான். ஆனால் நகர்வது எப்போதும் ஒரே பக்கம், கிணற்றை விட்டு வேலியைப் பார்த்து. மாதாமாதம் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு சேர்க்கிறோம். பாகம் பிரிக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேலிக்கு அப்பால் வேறொருவருடைய மரவள்ளி.

வேலி வரை இன்னும் எத்தனை அமாவாசை என்று கணக்குப் போட எனக்கு ஒரு நிமிஷம் போதும். தூரத்தை அளந்து வைத்திருக்கிறேன், சக்கரத்தின் சுற்றளவும் தெரியும். போடவில்லை. நாளைக்கு அமாவாசை. ஆபீசிலிருந்து வரும் வழியில் குழாய்த் துண்டு வாங்கி வந்துவிட்டேன்.