என் டார்ச் ஏறிப்போன விமானம்

விமானப் பயிற்சிக் கழகத்தில் அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினொரு வருடமாக விமானங்களைத் துடைக்கிறார். வேலைக்குப் போகும் மகள் "போதும்மா, வீட்ல இரு" என்றாலும் கேட்கமாட்டார். அவற்றில் இரண்டே இருக்கை கொண்ட ஒரு குட்டி விமானம் வானத்தில் குட்டிக்கரணம் போடப் பழக்குவதற்கு. பழக வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளேயே வாந்தி எடுப்பார்கள். "பாவம், தலைகீழாத் தொங்கவிட்டா தண்ணிக்குடம்கூட வாந்தி எடுக்கும்" என்று சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்குவார்.

நான் மெக்கானிக். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உள்ளே ஒரு சின்ன ஆணி கிடந்தாலும் போதும், விமானம் கவிழும்போது அது எங்காவது போய்ச் செருகிக்கொள்ளும். ஓட்டுகிறவர் பிடித்திருக்கும் கைப்பிடி அசையாது. அத்தோடு கதை முடிந்தது. அதனால் எது தொலைந்தாலும் பறப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பது இங்கே சட்டம்.

போன மாதம் அக்கா, தோட்டுத் திருகாணியைக் காணோம் என்று தானாக வந்து சொன்னார். இரண்டு இருக்கைகளையும் கழற்றித் தேடினேன். அரை நாள் போயிற்று. கடைசியில் அது அவர் தோளில் கிடந்த துண்டிலேயே சிக்கியிருந்தது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாளியோடு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. விமானம் ஓடுபாதைக்குப் போன பிறகு சட்டைப்பையைத் தொட்டேன். பேனா அளவு டார்ச், காணோம். இருக்கைக்கடியில் அதை அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். ரேடியோ அறை இருபது அடி தூரம்தான்; அங்கே ஒரு வார்த்தை சொன்னால் விமானத்தைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள். வாசலில் அக்கா நின்றிருந்தார். அவர் காதுபட எப்படிச் சொல்வது? அந்தப் பாழாய்ப்போன வீம்பில் நின்றுவிட்டேன். உள்ளே இரண்டு உயிர் இருக்கிறது என்று தெரிந்தே நின்றேன்.

விமானம் கவிழ்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி கவிழ்ந்தது.

"என்ன தம்பி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் அக்கா.

"வெயில்க்கா" என்றேன்.

இறங்கியதும் பயிற்சி தரும் அம்மா டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் நெற்றி வீங்கியிருந்தது. "கவுந்தப்ப நெத்தியில வந்து அடிச்சுது. நல்லவேளை, வேற எங்கயும் போய் மாட்டல."

எனக்கும் அக்காவுக்கும் கழகம் ஒரே மாதிரி டார்ச்தான் கொடுத்திருந்தது. திருகாணி விஷயம் யாருக்கும் மறக்கவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆமாம், நானும்தான்! சொல்லவே நாக்கூசுகிறது.

"உங்களோடதாக்கா?" என்றார் அந்த அம்மா.

அக்கா பதறவில்லை. "என்னோடதா இருந்தா நீங்க ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லியிருப்பேனேம்மா" என்றார்.

அதற்கப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. "அது என்னோடது" என்றேன்.